யானைப் பசிக்கு அரிசி மூட்டை

யானைப் பசிக்குச் சோளப்பொரி எம்மாத்திரம் என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். கொடுக்கும் பொருள் சிறிது, கொள்ளும் வயிறு பெரிது என்பதைச் சொல்ல இதைவிட நல்ல மொழி கிடையாது. ஆனால், அந்தப் பெரிய வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டிருந்தால், 2023ஆம் ஆண்டில் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எழுந்த இரண்டு பெரிய வழக்குகளை நாடு வேறு விதமாகப் பேசியிருக்கும் என்பது என் எண்ணம்.

அவ்வாண்டு ஜனவரி 22ஆம் நாள், பாலக்காட்டை அடுத்த தோணி மலையடிவாரத்தில், வனத்துறையினர் 'பி.டி. 7' என்று குறித்து வைத்திருந்த ஆண் யானையொன்றை மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள். நெல் வயல்களில் இறங்கி ஊரை உறங்கவிடாமல் செய்த யானை அது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 29ஆம் நாள், இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் இன்னோர் ஆண் யானை பிடிபட்டது. அதன் பெயரே அதன்மேல் எழுதிய குற்றப்பத்திரிகை: அரிக்கொம்பன். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. கடையையும் வீட்டையும் உடைத்து அரிசி தின்னும் கொம்பன் என்பது பொருள்.

உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போயிற்று. வல்லுநர் குழு அமைந்தது. யானையை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதே எல்லோருடைய பேச்சாகவும் இருந்தது. பாலக்காட்டு மாவட்டத்துப் பரம்பிக்குளம் என்றார்கள் முதலில். முதலமடை மக்கள், அவர்களுள் நம் மொழி பேசுவோர் பலர், 'இந்தச் சுமை எங்கள் தலையிலா?' என்று கொதித்தெழுந்தார்கள். பிறகு பெரியாற்றுக் காடு என்று முடிவாயிற்று. ஒரு சாரார் யானையைக் கொள்ளைக்காரன் என்றனர். மற்றொரு சாரார், சினிமா நடிகருக்கு வைப்பது போல, அதற்கு ரசிகர் மன்றமே வைத்தனர். திட்டியவர்களும் கொண்டாடியவர்களும் ஒன்றில் ஒத்துப் போனார்கள்: இருவரும் யானையின் குணத்தைப் பேசினார்களே தவிர, அதன் குடலைப் பேசவில்லை.

விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அந்தக் குடலைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். பாடப் புத்தகச் செய்திதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் மலைநாட்டு ஏழைகளின் உயிர் இந்தச் செய்தியில் அடங்கியிருக்கிறது.

உண்பது வேறு, உணவு உடம்பில் சேர்வது வேறு. வாய்க்குள் போனதெல்லாம் நமக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. நொதிகள் என்னும் செரிபொருள்கள் உணவைச் சிறு சிறு மூலக்கூறுகளாக உடைக்க வேண்டும். அவை சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் மயிர் போல் அடர்ந்திருக்கும் குடலுறிஞ்சிகளின் வழியே இரத்தத்தில் கலக்க வேண்டும். அப்பொழுதுதான் உணவு உடம்பாகிறது. மற்றவை வந்த வழியில் மேலே நடந்து வெளியேறிவிடும்.

புல்லிலும் தழையிலும் மரப்பட்டையிலும் மிகுந்திருப்பது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். இதை உடைக்கும் நொதியைப் பாலூட்டிகளின் உடல் தானே சுரப்பதில்லை. மாடும் சுரப்பதில்லை, ஆடும் சுரப்பதில்லை, யானையும் சுரப்பதில்லை. அப்படியானால் அவை புல்லைத் தின்று எப்படி வாழ்கின்றன? கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்களைக் குடலில் குடிவைத்து, அவற்றைக் கொண்டு வேலை வாங்குகின்றன. நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துக் கொழுப்பமிலங்களாக மாற்றித் தருகின்றன. அந்த அமிலங்களை உறிஞ்சித்தான் மாடு பால் தருகிறது, யானை மரம் சாய்க்கிறது.

ஆனால் இந்தக் குடியிருப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. மாட்டுக்கு அது முன்வாசலில் இருக்கிறது. நான்கு அறையுள்ள அதன் வயிற்றில் முதல் அறையே நொதித்தொட்டி. தின்றது அங்கே ஊறுகிறது. மாடு நிழலில் படுத்து அதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. ஊறியும் அரைபட்டும் பக்குவமான பிறகே உணவு சிறுகுடலை அடைகிறது. அதனோடு சேர்ந்து வரும் நுண்ணுயிர்களும் அங்கே செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. வேலை செய்த கூலியாளையே கடைசியில் விழுங்கிவிடும் கெட்டிக்கார முதலாளி, மாடு!

யானைக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் வாய்க்கவில்லை. அதன் இரைப்பை ஒற்றை அறை. அசைபோடுதல் இல்லை. நுண்ணுயிர்கள் குடியிருப்பது பின்வாசலில், அதாவது சிறுகுடலைத் தாண்டிய குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும். உணவு அந்த இடத்தை அடையும்போது, உறிஞ்சும் ஆற்றல் மிக்க சிறுகுடல் பின்னால் போய்விட்டது. பெருங்குடலில் உண்டாகும் கொழுப்பமிலங்களை யானை உறிஞ்சிக்கொள்கிறது. நுண்ணுயிர்களின் புரதமோ சாணத்தோடு பெரும்பாலும் வீணாகிறது. ஆகவே, தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே விழுகிறது. யானைச் சாணத்தைக் கண்டவர்களுக்கு இது தெரியும்: வைக்கோல் வைக்கோலாகவே கிடக்கும், விதை விதையாகவே கிடக்கும். காட்டுக்கு அது வரம். அந்த விதைகளே அடுத்த மழையில் முளைத்து மரமாகின்றன. யானைக்கன்றுகூடத் தாயின் சாணத்தைத் தின்றுதான் தனக்கு வேண்டிய நுண்ணுயிர்களைப் பெறுகிறது.

ஆனால் யானைக்கு இதனால் வந்த சங்கடம் பெரிது. பாதி வீணாகும் என்றால் இரண்டு பங்கு தின்ன வேண்டும் அல்லவா? வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் பசுந்தீனி தின்கிறது. அதற்காக 16 முதல் 18 மணி நேரம் உழைக்கிறது. இடைவிடாது தின்னும் பிராணிக்குப் பித்தநீரைச் சேமித்து வைக்க வேண்டிய தேவையும் இல்லை போலும். யானைக்குப் பித்தப்பையே கிடையாது. உறக்கம் போக எஞ்சிய பொழுதெல்லாம் அதற்கு அடுப்படி வேலைதான்.

இப்பொழுது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பசும்புல்லில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். 150 கிலோ புல்லில் நீரைக் கழித்தால் 30 கிலோ நிற்கும். அதில் யானை செரித்துக்கொள்வது பாதிக்கும் குறைவு என்றால் 15 கிலோவுக்கு மேற்படாது. அரிசிக்கு வாருங்கள். 20 கிலோ அரிசியில் நீர் இரண்டரை கிலோ இருக்கும். மிச்சம் 17 கிலோவுக்கு மேல். அதில் மிகப் பெரும் பகுதி மாவுச்சத்து. மாவுச்சத்தை உடைக்க நுண்ணுயிரின் தயவு வேண்டாம். யானையின் சொந்த நொதியே போதும். அது பின்வாசல் வரை போகக் காத்திராமல், பெரும்பாலும் சிறுகுடலிலேயே சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறிவிடும். அதாவது, 18 மணி நேரம் மலையேறி, முள்ளை விலக்கி, பட்டையை உரித்துச் சம்பாதிப்பதை ஓர் அரிசி மூட்டை சிறிது பொழுதில் தந்துவிடுகிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி போதாதுதான். அரிசி மூட்டை போதும், நன்றாகவே போதும்!

தானியம் எல்லா வயிற்றுக்கும் இப்படி உதவுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கொல்லம் மாவட்டத்துப் பண்ணையொன்றில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறித் தின்ற பசுக்கள் ஐந்து செத்துப் போயின. மாட்டின் முதல் அறையில் மாவு திடீரென்று குவிந்தால், நுண்ணுயிர்கள் அதை வேகமாகப் புளிக்க வைத்து அமிலத்தைப் பெருக்கிவிடுகின்றன. அமிலம் இரத்தத்தில் ஏறி மாட்டைக் கொல்லும். முன்வாசலில் நுண்ணுயிரை வைத்த கெட்டிக்காரத்தனத்துக்கு மாடு தரும் விலை அது. யானைக்கோ மாவுச்சத்தை முதலில் சந்திப்பது அதன் சொந்தச் சிறுகுடல். இயற்கை, யானையை அரிசியின் பக்கம் தள்ளிவிட்டது என்றே சொல்லலாம்.

பயிரை நாடும் யானைகளைப் பற்றிப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ராமன் சுகுமார் 1980களில் செய்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. காட்டுப் புல்லைக் காட்டிலும் பயிரில் புரதமும் உப்புச்சத்தும் மிகுதி என்று அவர் காட்டினார். குட்டிகளோடு திரியும் பெண் யானைகளைவிடத் தனித்த ஆண் யானைகளே துணிந்து வயலில் இறங்குகின்றன என்றும் கண்டார். உடலைப் பெருக்கினால்தான் போட்டியில் வென்று வாரிசு தர முடியும் என்ற நிலை ஆணுக்கு. ஆபத்து பெரிது, ஆதாயம் அதனினும் பெரிது. தோணியில் பிடிபட்டதும் ஆண், சின்னக்கானலில் பிடிபட்டதும் ஆண் என்பது தற்செயல் அன்று.

அரிசியை ஒளித்து வைத்தால் ஆகாதா என்று கேட்கலாம். 2014இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஆப்பிரிக்க யானையில் மோப்பத்துக்குரிய ஜீன்கள் ஏறத்தாழ 2,000 என்று எண்ணிச் சொன்னது. மனிதனுக்கு அவை 400 அளவிலேயே உண்டு. தாய்லாந்தில் நம் ஆசிய யானைகளைக் கொண்டு செய்து 2019இல் வெளியிட்ட சோதனையில், மூடிய இரண்டு வாளிகளில் எதில் சூரியகாந்தி விதை மிகுதி என்பதை அவை முகர்ந்தே கண்டுபிடித்தன. இத்தகைய மூக்கின் முன்னே தகரக் கதவும் மண்சுவரும் எந்த மூலைக்கு?

இனி, அரிக்கொம்பனின் பயணத்தைப் பாருங்கள். பெரியாற்றுக் காட்டில் விட்ட யானை சில நாட்களிலேயே எல்லை தாண்டித் தேனி மாவட்டத்து மேகமலைக்கு வந்தது. அங்கும் தோட்டப் பகுதியில் ரேஷன் கடையை நாடியது. மே 27ஆம் நாள் கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்தது. ஊரில் 144 தடை போடும்படி ஆயிற்று. காயமுற்ற ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 5ஆம் நாள் தமிழக வனத்துறை அதை மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டின் உட்பகுதிக்குக் கொண்டுபோயிற்று. இடம் மாறியது, வயிறு மாறவில்லை. எங்கே அரிசி மணம் வந்ததோ அங்கே அது போயிற்று. களக்காட்டு மலையின் உள்ளே, அரிசி எளிதில் எட்டாத இடத்தில், அதே யானை புல்லும் தழையும் மேய்ந்து நலமாக இருப்பதாக வனத்துறையினர் அறிவித்தார்கள். திருந்திவிட்டது என்றா சொல்வீர்கள்? அருகில் மூட்டை இல்லை. ஆகவே 18 மணி நேர உழைப்புக்குத் திரும்பிற்று. அவ்வளவுதான்.

'யானைக்காகப் பரிந்து பேசுகிறாயே, மனிதனுக்கு யார் பேசுவது?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மாடி வீட்டில் இருந்துகொண்டு யானையைக் காதலிப்பவன் அல்லன் நான். மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. லயத்து வீடு எத்தகையது என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. மாதத்து ரேஷன் அரிசி தகர டின்னில் இருக்கும். டின்னுக்கும் பிள்ளைகள் படுக்கும் பாய்க்கும் நடுவே நாலடி தூரம். யானை அரிசிக்குத்தான் வருகிறது என்பது உண்மை. ஆனால் அரிசிக்கும் அதற்கும் இடையில் தூங்குவது நம் பிள்ளைகள். இரவில் தகரம் தட்டும் ஓசை கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும் தாய்மாருக்கு, பெருங்குடலில் நுண்ணுயிர் இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆறுதல்?

அந்தத் தாய்மாருக்காகவே இதைச் சொல்கிறேன். நோய் எது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் நோயாளிதான் துன்புறுவான். யானையின் குணம்தான் நோய் என்று நினைத்தால், ஒன்றைப் பிடித்து அகற்றியதும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். குடலும் அரிசியும்தான் காரணம் என்று அறிந்தால், அரிக்கொம்பன் போன பிறகும் அதே கடை, அதே தகரக் கதவு, அதே மணம் அடுத்த கொம்பனை அழைத்துக்கொண்டிருக்கும் என்பது விளங்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்ற நிலையில் யானையைப் பிடிக்கத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. அதுவே முழு மருந்தாகாது என்கிறேன்.

வேறு மருந்து உண்டா? உண்டு. பரம்பிக்குளத்துக்கு அண்டை மலையான வால்பாறையில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டதைப் பாருங்கள். யானைகள் குறிவைத்து உடைத்தவற்றுள் அரிசி சேமித்த ரேஷன் கடைகளும் சத்துணவுக் கூடங்களும் முன்னணியில் நின்றன. தொழிலாளர்களுக்கு யானை இருக்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே அறிவிக்கும் முறையை 2011 முதல் அங்கே நடத்தினார்கள். உயிரிழப்பு குறைந்தது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. வால்பாறையில் உள்ளவர்களும் நம் போன்ற தோட்டத் தமிழர்கள்தாமே? அங்கே ஆவது சின்னக்கானலில் ஏன் ஆகாது?

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, மலைத் தோட்டங்களில் அரிசியை வலுவற்ற கட்டடங்களில் குவித்து வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கெட்டியான சுவரும் மின்வேலியும் உள்ள பொதுக் கிடங்கு வேண்டும். அங்கிருந்து வாரந்தோறும் வண்டியில் லயத்துக்கு அளந்து கொடுக்கலாம். 'வீட்டில் அரிசி வைக்காதே' என்று ஏழைக்குப் புத்தி சொல்வது எளிது. வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் செய்வது அரசாங்கத்துக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் உரிய கடமை.

இரண்டாவது, குப்பை. மூணாற்றில் 'படையப்பா' என்று மக்கள் பெயரிட்ட முதிய கொம்பன், கல்லாற்றுக் கழிவுக் கிடங்குக்குக் காய்கறிக் கழிவைத் தேடி வந்தது பலரும் அறிந்த செய்தி. அழுகிய காய்கறியும் எளிதில் செரிக்கும் தீனிதான். அதோடு ஒட்டி வரும் பிளாஸ்டிக்கைச் செரிக்க யானைக்கும் நொதி இல்லை, அதன் நுண்ணுயிருக்கும் வழி இல்லை. கழிவைக் காட்டு யானை அணுக முடியாதபடி மூடிக் காப்பது சுற்றுலாவால் வாழும் ஊருக்குப் பெரிய காரியமா?

மூன்றாவது, புல். யானை தேயிலையைத் தின்னாது. ஏலச்செடியும் தைலமரமும் அதன் வயிற்றை நிரப்பா. ஆனையிறங்கல் என்ற ஊர்ப்பெயரே, அங்கே யானை இறங்கும் என்று நம் மூதாதையர் எழுதி வைத்த அறிவிப்புப் பலகை. அந்த வழியிலேயே 2000களின் தொடக்கத்தில் ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் அளந்து கொடுத்துக் குடியேற்றினார்கள். அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. இருக்கும் புல்வெளிகளையாவது காத்து, அழிந்தவற்றில் புல்லை மீட்டால், நாளைய யானைக்கு 150 கிலோ தேட ஓர் இடம் இருக்கும்.

ஒரு மருந்தை மட்டும் யாரும் கையிலெடுக்கக் கூடாது. 2020 மே 27ஆம் நாள் பாலக்காட்டு மாவட்டத்து வெள்ளியாற்றில் ஒரு சினை யானை நின்றபடியே இறந்தது. காட்டுப் பன்றிக்கென வைத்த வெடி அதன் வாயில் வெடித்திருந்தது. பொழுதெல்லாம் தின்றால்தான் உயிர் தங்கும் என்ற உடலுக்கு வாய் போனால் என்ன ஆகும்? நாள் நாளாகப் பட்டினி. அதைவிடத் துப்பாக்கி இரக்கமுள்ளது.

புறநானூற்றின் 184ஆம் பாட்டில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்கும் முறையைச் சொல்ல, வயலில் புகுந்த யானையைத்தான் உவமையாக எடுத்தார். தின்பதைக் காட்டிலும் மிதிப்பது மிகுதி என்று அன்றைய உழவனுக்கும் தெரியும், புலவருக்கும் தெரியும். யானையையும் நெல்லையும் நம்மைப் போல நெடுங்காலம் சேர்த்துப் பார்த்த இனம் குறைவு. அந்தப் பழைய அறிவோடு இன்றைய விஞ்ஞானத்தையும் சேர்ப்பது நம் தலைமுறையின் வேலை.

நண்பர்களே, நாம் வகுப்பறையில் செரிமானம் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், மறந்துவிடுகிறோம். சின்னக்கானல், மறையூர், வட்டவடை, முதலமடை, கொழிஞ்சாம்பாறை என்று எல்லையோரத்திலிருந்து வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, ரேஷன் கடையின் கதவு எதனால் ஆனது, கிடங்கு எங்கே இருக்கிறது, கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று பார்த்து வாருங்கள். பார்த்ததைத் தமிழிலும் மலையாளத்திலும் மனுவாக எழுதிப் பஞ்சாயத்துக்குக் கொடுப்போம். இரண்டு அரசாங்கங்களின் எல்லையைக் கொம்பன் மதிப்பதில்லை. நம் மனு மட்டும் எல்லையில் நின்றுவிட வேண்டியதில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரே ஒரு தோட்டத்திலாவது அரிசி கெட்டியான கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த லயத்துப் பிள்ளைகள் நிம்மதியாக உறங்குவார்கள். கொம்பனும் காட்டில் தன் 18 மணி நேர வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.